வெயில் நகர்ந்துவிடுகிறதே, தெருவை எப்படி வரைவது?

கேள்வி: மூன்று வருடமாக ஆயில் பெயின்டிங் பழகுகிறேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவைக் காலையில் பார்த்தால் வரைந்தே ஆக வேண்டும் என்று தோன்றும். அங்கேயே உட்கார்ந்தால், முடிப்பதற்குள் வெயில் மாறிவிடுகிறது. செல்போனில் படமெடுத்து வந்து வீட்டில் வரைந்தால் உயிரே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: மதியம் ஒரு மணிக்கு அதே இடத்தில் போய் நின்று பாருங்கள். வரையும் ஆசை அப்போதும் வருகிறதா? வராது என்றே நினைக்கிறேன். அப்படியானால் உங்களைப் பிடித்து இழுப்பது அந்த எட்டு மணி வெயில். அதைத்தான் வரைய வேண்டும்.

பிரான்சில் வாழ்ந்த ஓவியர் கமீல் பிசாரோவுக்குக் கண்ணில் அடிக்கடி தொற்று வரும். வெளியே காற்றிலும் தூசியிலும் உட்கார முடியாது. 1897 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு ஓட்டல் அறை எடுத்தார். ஜன்னலுக்குக் கீழே மோன்மார்த்ர் பெருஞ்சாலை. அப்போது அவருக்கு 66 வயது. ஏப்ரலுக்குள் அந்த ஒரே சாலையை 14 படங்களாக வரைந்துவிட்டார். குளிர்காலக் காலை, மழை, மாலை வெயில், விளக்கு எரியும் இரவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கேன்வாஸ். அவருடைய கிராமத்துப் படங்களைவிட எனக்கு இவைதான் நெருக்கம். பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்தபோது ஓவியர் மோனேயும் இதையேதான் செய்தார்: பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற அடுத்ததை எடுப்பார்.

நீங்களும் ஒரு ஓவியப் பலகைக்கு ஒரு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8க்கு 10 அங்குலம் போதும். தினமும் அதே நேரத்துக்குப் போய், ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். நான்கைந்து நாள் ஆகட்டும், பரவாயில்லை.

முதல் நாளின் முதல் பத்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தெருவைப் பாருங்கள். கடைகள் மறைந்து வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய வடிவங்களாகத் தெரியும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, அந்த நிழல்களை மட்டும் போடுங்கள். போட்டபின் அவற்றை நகர்த்தவே கூடாது. அரை மணியில் நிழல் எதிர்க்கடைப் படியைவிட்டு இறங்கியிருக்கும், நம் கையும் அதன் பின்னால் போகப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்தால், எந்த நேரத்துக்கும் சேராத ஒரு தெருதான் படத்தில் இருக்கும். பல மாணவர்களின் படங்கள் சோர்ந்துபோவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான்.

அடுத்து, நிழலின் நிறம். செல்போன் படத்தில் உயிர் போவதும் இங்கேதான். வெயிலுக்கு ஏற்பப் படம் பிடித்தால் கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது. நேரில் பாருங்கள்: வெள்ளைச் சுவரின் நிழலில் வானத்து நீலம் இருக்கும், அடிப்பக்கம் தரையிலிருந்து ஏறும் செம்மை இருக்கும். டியூப் கறுப்பைத் தொடாமல், அதே நீலத்தையும் சியன்னாவையும் கலந்து அடர்த்தியை உண்டாக்குங்கள். போட்டோவை வீசிவிட வேண்டாம். பெயர்ப்பலகை எங்கே, எத்தனை கம்பம் என்று சரிபார்க்க அது உதவும். மனிதர்களைக் கடைசியில், ஆளுக்கு இரண்டு மூன்று தீற்றலில் முடித்துவிடுங்கள்.

பெரிய படம் வேண்டுமானால் அதை வீட்டில் வரையுங்கள், இந்தச் சின்னப் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள் 1821இல் ‘தி ஹே வெய்ன்’ என்ற ஆறடி அகலப் படத்தை லண்டன் ஸ்டுடியோவில்தான் வரைந்தார். இங்கிலாந்தின் சஃபோக் பகுதி ஆற்றங்கரையில் வரைந்த சிறு பயிற்சிப் படங்கள் கையில் இருந்தன. பெரிய கேன்வாஸில் முதல் பூச்சு டர்பன்டைனோடு மெலிதாக இருக்கட்டும், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூடட்டும். மாறிப் போனால் பின்னால் வெடிப்பு விடும்.

இந்த ஐந்து நாளில் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டால் பழைய பலகையை வெளியே எடுக்காதீர்கள். புதுப் பலகை ஒன்றில் அந்த மூட்டத்தையே தொடங்குங்கள். அடுத்து வானம் மூடும் காலையில் அதைத் தொடரலாம்.