ஆப்பில் விலை குறைவாக இருக்கும்போது தெருமுனை மளிகைக் கடையில் ஏன் வாங்க வேண்டும்?

விலை ஒன்றுதான் கணக்கு என்றால் வாங்க வேண்டாம், ஆப்பிலேயே வாங்குங்கள். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் சோப்புக்கு அட்டையில் போட்ட விலைதான். ஆப்பில் பத்துப் பதினைந்து ரூபாய் குறையும். இருந்தும் எங்கள் வீட்டு மாத லிஸ்ட்டில் பெரும்பகுதி அண்ணாச்சியிடம்தான் போகிறது.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம் தாண்டி, முடிச்சூர்ப் பக்கம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் பகுதியை மூழ்கடித்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஏ.டி.எம். எதுவும் வேலை செய்யவில்லை. என் பர்ஸில் எழுபது ரூபாய். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கடைக்குப் போனேன். கீழ்த்தட்டில் இருந்த மூட்டையெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. மேல்தட்டிலிருந்து ரவை, சேமியா, மெழுகுவத்தி, தீப்பெட்டி என்று எடுத்து நீட்டினார் அண்ணாச்சி. காசில்லை என்றேன். "துட்டு எங்கம்மா போயிரப் போவுது, கொண்டுட்டுப் போங்க." கணக்கு நோட்டும் நனைந்துவிட்டதால் தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோதும் இதே கதைதான், இந்த முறை கணக்கு நோட்டிலேயே எழுதினார்.

சின்னக் கடைக்காரர் எல்லாருமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. அதே வெள்ளத்தில் ஒரு பாக்கெட் பாலை நூறு ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள். எங்கள் பகுதியிலேயே ஒரு கடையில் தேதி முடிந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்டதற்குச் சண்டைக்கு வந்தார்கள். அங்கே அப்புறம் நான் ஏறவில்லை. நல்ல கடை அமைவதும் கொடுப்பினைதான்.

அமைந்துவிட்டால் அன்றாடம் கிடைக்கும் சௌகரியம் கொஞ்சநஞ்சமல்ல. ரசப்பொடி அரைக்க ஐம்பது கிராம் மிளகு போதுமென்றால் ஐம்பது கிராமே பொட்டலம் கட்டித் தருவார். தங்கை வளைகாப்புக்கு அப்பளக் கட்டும் எண்ணெய் பாக்கெட்டுமாக வாங்கிக் குவித்தோம். பிரிக்காமல் மீந்ததை மறுநாள் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கழித்துவிட்டார்.

கடையை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பின்தெரு அக்கா ஒருவர் இட்லி மாவு ஆட்டிக் காலையில் இருபது பாக்கெட் வைத்துவிட்டுப் போவார். ராத்திரி வந்து விற்றதற்குக் காசும் விற்காத பாக்கெட்டும் வாங்கிக்கொள்வார். அதே மாவைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வைக்க பார்கோடு, பில் என்று ஆயிரம் கேட்பார்கள். பணம் கைக்கு வரவும் நாளாகும். அன்றன்றைக்கு உளுந்து வாங்குகிறவருக்கு அதெல்லாம் கட்டுமா?

ஒரு விஷயம் எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நடுவில் ஒரு வருடம் மாத லிஸ்ட் முழுவதையும் ஆப்புக்கு மாற்றிவிட்டு, பாலுக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் அண்ணாச்சியிடம் போய்க்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்: பால் பாக்கெட்டில் நிற்பது சில்லறைக் காசு, ஃப்ரிட்ஜ் ஓடும் கரண்டுக்கே காணாது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்று மூட்டையில் வாங்கி நிறுத்துக் கொடுப்பதில்தான் நாலு காசு தேறும். அந்த வியாபாரம் இருந்தால்தான் கடன் நோட்டும் ஓடும். எல்லாரும் என்னைப் போலவே அவசரத்துக்கு மட்டும் வந்தால், அந்த அவசரத்துக்குத் திறந்திருக்கக் கடை இருக்காது.

அதிலிருந்து நிறுத்து வாங்கும் சாமான் எல்லாம் அண்ணாச்சியிடம். பாக்கியை ஐந்தாம் தேதிக்குள் தீர்த்துவிடுகிறேன். சோப்பு, ஷாம்பு, டயப்பர் மட்டும் ஆப்பில். அது அவருக்கும் தெரியும். போன வாரம் ஆபீஸிலிருந்து வரும் வழியில் கூப்பிட்டு நிறுத்தினார். "டெலிவரிப் பையன் வந்தாம்மா, வீடு பூட்டிக் கெடந்துச்சு. நான்தான் வாங்கி வச்சிருக்கேன்." கல்லாவுக்குப் பின்னாலிருந்து என் டயப்பர் பார்சலை எடுத்துக் கொடுத்தார்.