அம்மா வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி இல்லையே!

கேள்வி: சிங்கப்பூர் தோ பாயோவில் அம்மா இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு 1970களில் கட்டியது. மின்பெட்டியில் எம்சிபி என்ற துண்டிப்புச் சுவிட்ச் மட்டும்தான் இருக்கிறது, ஆர்சிசிபி என்ற கசிவுத் துண்டிப்பான் இல்லை. எம்சிபி மட்டும் போதாதா? சமையலறையில் ஒரே நீட்டிப்புப் பிளக்கில் இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஓடுகின்றன, பிளக் சுடுகிறது.
- வாசகி, செங்காங்

பதில்: போதாதும்மா. எம்சிபி, வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும், ஆனால் ஓர் ஆள் உடம்பு வழியாகக் கசிகிற மின்சாரம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆர்சிசிபி போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிறதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், திரும்பி வருவது 30 மில்லியாம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை வெட்டிவிடும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய பல வீடுகளில் இது கிடையாது. எரிசக்திச் சந்தை ஆணையம் 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயமாக்கிவிட்டது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும், தெரிந்தவர் பாதி விலையில் செய்கிறேன் என்றாலும் வேண்டாம். வருகிறவரிடம் பழைய வயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பிளக். அடுப்பு 2000 வாட், கெட்டில் 2200 வாட் என்றால் 230 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பிளக் தாங்குவதோ 13தான். இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனிச் சுவர் சாக்கெட்டில் மாட்டட்டும். சுட்ட பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சாக்கெட் கருகியிருந்தால் மாற்றும்வரை அதைத் தொடவே வேண்டாம்.