தகவல் அமைப்புகள் பாடம் வேலையில் உதவுமா?

"பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். வணிகத் தகவல் அமைப்புகள் என்று ஒரு தாள். தரவு, தகவல், ஐந்து கூறுகள் என்று மனப்பாடம் செய்வதெல்லாம் வேலைக்குப் போனால் உதவுமா, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொண்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நெருங்குகிறது என்று நினைக்கிறேன்.

உதவும். டேலியும் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து கூறுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் துணி ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். இங்கே சரக்கு ஒரே கூரைக்குள் இருக்காது. நூல் நிட்டிங்குக்குப் போகும், கிரே துணியாகி (சாயம் போடாத துணி) சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், அதற்கப்புறம்தான் கட்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான். அனுப்பிய எடை அப்படியே திரும்பாது, சாயத்தில் கொஞ்சம் குறையும். "நேவி, 180 ஜிஎஸ்எம், 412 கிலோ" என்று டிசியில் இருப்பது தரவு (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). "இந்த ஆர்டருக்குச் சாயத்திலிருந்து இன்னும் எவ்வளவு வரவேண்டும், நாளைக்குக் கட்டிங் ஆரம்பிக்கலாமா?" என்று முதலாளி கேட்கும்போது சொல்வது தகவல். முதலாவதில் ஒரு விவரம் விடுபட்டால் இரண்டாவது மொத்தமும் தப்பாகிவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஈஆர்பி (கம்பெனியின் எல்லாப் பிரிவுக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் சாஃப்ட்வேர்) போட்டார்கள். பழைய நோட்டில் ஸ்டோர் அண்ணன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு லாட் நம்பருக்கென்று (ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் போட்ட துணி ஒரு லாட்) ஒரு கட்டம் வைத்திருந்தார். புது சாஃப்ட்வேரிலும் அந்த இடம் இருந்தது, ஆனால் காலியாக விட்டாலும் என்ட்ரி ஏறிவிடும். கட்டாயமாக்கிவிடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். "ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள்.

சாயப்பட்டறை வண்டி பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். இறக்குகிறவர் எடையை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், காலையில் என்ட்ரி ஏறும். அப்படி ஒருநாள் இரண்டு லாட் நேவி ஒரே வரியில், ஒரே எடையாக ஏறிவிட்டது. என்ட்ரி போட்ட பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் கைக்கு வந்ததே மொத்த எடைதான். ஒரே ரெசிபியில் சாயம் போட்டாலும் லாட்டுக்கு லாட் ஷேடு லேசாக மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, ஒட்டித் தைத்தால் தெரியும். கட்டிங் மாஸ்டர் ஸ்கிரீனைப் பார்த்தார், ஒரே துணி என்று இருந்தது, வெட்டிவிட்டார். தைத்து முடித்து செக்கிங்குக்கு வந்தபோது ஒரு அக்கா பீஸை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "இங்க பாரு கண்ணு, கை ஒரு கலரு, உடம்பு ஒரு கலரு" என்றார். அந்த ஆர்டரில் கணிசமான பீஸ் அப்படியே ஒதுங்கியது.

முதலாளி முதலில் சொன்னது, "சாஃப்ட்வேர் சரியில்லை." உங்கள் பாடம் நுழைவது இங்கேதான். வன்பொருள், மென்பொருள், தரவு, மனிதர்கள், நடைமுறை என்று ஐந்து (சில புத்தகங்களில் வலையமைப்பையும் சேர்ப்பார்கள்). கம்ப்யூட்டர் நன்றாக இருந்தது. சாஃப்ட்வேர் கொடுத்ததைக் கூட்டிக் காட்டியது. விட்டுப்போனது நடைமுறை. அதன்பிறகு துணி இறக்கும் இடத்திலேயே ரோலுக்கு ரோல் லாட் ஸ்டிக்கர், லாட் நம்பர் இல்லாவிட்டால் டிசி சேவ் ஆகாது என்று ஏற்பாடு செய்தோம். அதை நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

ஐடியில் இருப்பவர்கள், "இது ஒரு ஃபீல்டை மேண்டேட்டரி ஆக்குகிற விஷயம், இதற்கா இவ்வளவு?" என்று கேட்கலாம். நான் புரோகிராம் எழுதுகிற ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த ஃபீல்டு கட்டாயம் என்பது ஸ்டோரில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். சாஃப்ட்வேர் வாங்கும் மீட்டிங்குக்கு அவரைக் கூப்பிடுவதே இல்லை. விளம்பரத்திலும் "டேட்டா என்ட்ரிக்குப் பெண்கள் தேவை" என்று போட்டு, கம்பெனியிலேயே குறைந்த சம்பளத்தில் ஒன்றைக் கொடுப்பார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்டாக் ரிப்போர்ட் முதலாளிகள் போனிலேயே இருக்கும், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் "ஸ்டாக் எவ்வளவு?" என்று கேட்பார்கள். பதில் போடாவிட்டால் திங்கட்கிழமை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மனசில் இருந்ததால் சொல்லிவிட்டேன்.

பாடத்தில் வரும் எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அமைப்பு) எதற்கு என்று புரியவில்லையா? ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவில், ஜாப் ஒர்க்குக்கு (நம் சரக்கை வெளியில் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை, சாயம் போடுவது மாதிரி) அனுப்பிய சரக்கு பொதுவாக 1 வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே ஜாப் ஒர்க் செய்பவருக்கு சப்ளை செய்ததாகக் கணக்கு, வரி வரும். எந்த டிசி எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்று காட்டுகிற ரிப்போர்ட்தான் எம்.ஐ.எஸ். தினமும் டிசி போடுவது பரிவர்த்தனை அமைப்பு. எந்தப் பட்டறைக்கு அடுத்த ஆர்டர் கொடுக்கலாம் என்று எடை இழப்பையும் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முடிவெடுக்க உதவும் அமைப்பு. டிசி தப்பாக ஏறினால் மற்ற இரண்டும் சேர்ந்து தப்பாகும்.

தேர்வுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் பக்கத்து மருந்துக்கடையில் பில் போடும் இடத்தில் நின்று பாருங்கள். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் யார் கையால், எந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் போகிறது என்று கேளுங்கள். பெரிய மதிப்பெண் கேள்விக்கு அதையே உதாரணமாக எழுதலாம்.