பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஏன் நடுங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பளு ஏற்றும் பெரிய பிக்கப் வைத்திருக்கிறேன். முன் டிஸ்க்குகளை இரண்டு முறை மாற்றியாயிற்று. புதிதில் நன்றாக நிற்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வாங்கிய டிஸ்க்குகள் மட்டமானவையா?

பதில்: டிஸ்க் மேல் பழி போடுவதற்கு முன் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பது பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். சூட்டில் நிஜமாகவே வளைந்த டிஸ்க் அபூர்வம். டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துளி துரு ஒட்டியிருந்தாலும் டிஸ்க் சற்றே சாய்ந்து உட்காரும். சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒரே இடம் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையை) உரசிக்கொண்டே போவதால் அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே கையில் தெரியும். புதிதில் நன்றாக இருந்து, பிறகு நடுக்கம் வருவது இதனால்தான்.

அடுத்த டிஸ்க்கை மாட்டும்போது, ஹப் முகத்தையும் போல்ட்களின் அடிப்பகுதியையும் கம்பி பிரஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். டிஸ்க்கை வைத்து, தட்டை வாஷர் போட்டு எல்லா வீல் நட்களையும் சமமாக முடுக்குங்கள். வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10–12 மி.மீ. உள்ளே டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவியை) வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.05 மி.மீ. ஆட்டம்தான் எல்லை. அதைத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மீண்டும் அளந்து பாருங்கள். மேடான புள்ளி டிஸ்க்கோடு நகர்ந்தால் குறை டிஸ்க்கில். ஹப்பில் அதே இடத்திலேயே நின்றால் குறை ஹப்பில். ஹப் கோணலாக இருந்தால் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் பயனில்லை. ஹப்பை மாற்ற வேண்டும், அல்லது டிஸ்க்கை வண்டியிலேயே வைத்துக் கடையும் லேத்தில் சீராக்க வேண்டும்.

பழைய டிஸ்க்கைக் கடைந்து மீண்டும் போடுவதாக இருந்தால், மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமனை அளந்துகொள்ளுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகுமானால் கடையாதீர்கள்.

ஏர் கன்னால் நட்களைக் கண்டபடி முடுக்குவதும் இதே கோளாறைக் கொண்டுவரும். எட்டு நட் சக்கரங்களில் 14 மி.மீ. போல்ட் இருந்தால் பொதுவாக 180–225 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்குவார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே சரியானது. டார்க் ரெஞ்ச் வைத்து எதிரெதிர் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: முன் பேட்கள் மட்டும் சீக்கிரம் தேய்கின்றன. சுமை ஏற்றினால் வண்டி நிற்கவே மறுக்கிறது. பின்பக்கம் டிரம் பிரேக். கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்திருக்கிறேன்.

பதில்: கடைசி வரியில் நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு நெம்புகோலுடன் சுமை உணரும் வால்வு இருக்கும். சுமையில் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை சேர்த்தபின் சுமை ஏற்றினாலும் வண்டி தாழ்வதில்லை. காலி வண்டி என்றே வால்வு நினைத்துக்கொள்கிறது. மொத்த வேலையும் முன் டிஸ்க்குகளின் தலையில் விழுகிறது. அவை சூடேறிப் பேடின் பிடிப்பும் குறைகிறது. கையேட்டு அளவுப்படி நெம்புகோலை மறுபடி சரிசெய்யுங்கள். டிரம்முக்கும் ஷூவுக்கும் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் கட்டை) இடையிலான இடைவெளியைக் குறைக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் துருவேறி நின்றிருந்தாலும் இதே விளைவுதான். டிரம்மைக் கழற்றி, சக்கரம் லேசாக உரசியபடி சுற்றும் அளவுக்கு ஷூவைக் கிட்டே கொண்டுவாருங்கள். டிரம் உள்ளே ஆயில் ஈரம் தெரிந்தால் ஆக்சில் சீலை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு முன் சக்கரம் மட்டும் மிகவும் சூடாகிறது. காலிபர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றும் முன் ஒரு சோதனை. அந்தச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக் மிதித்துவிட்டபின் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் காலிபரின் ப்ளீடரை (காற்றை வெளியேற்றும் திருகை) சற்றுத் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. காலிபர் குற்றவாளி அல்ல. ரப்பர் ஹோஸின் உட்சுவர் பிரிந்து, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் அடைப்பது அதிகம் நடப்பது. அடுத்த முறை இறுகும்போது, ப்ளீடருக்குப் பதிலாக ஹோஸின் மேல்முனை இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடுபடவில்லை, ப்ளீடரில்தான் விடுபடுகிறது என்றால் ஹோஸ்தான். ப்ளீடர் திறந்தும் இறுக்கம் போகவில்லையா? பிஸ்டனோ, காலிபர் நகர்ந்து செல்லும் ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். வேலை முடிந்ததும் பிரேக் எண்ணெயில் புகுந்த ஏரை எடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: டீசல் வண்டி. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. ஸ்டீயரிங்கும் சில நேரம் கனக்கிறது.

பதில்: இரண்டும் சேர்ந்து கனத்தால் பவர் ஸ்டீயரிங் பம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல கனரகப் பிக்கப்களில் பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பாகம்) அந்தப் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் பாருங்கள். பிறகு என்ஜினை அணைத்து, சேமித்த அழுத்தம் தீர்ந்து பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் முதலில் சற்று இறங்கி, பின் காலை மெல்ல மேலே தள்ளினால் பூஸ்டர் வேலை செய்கிறது. வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் இறங்கும், தள்ளாது. இறங்கவே இல்லையென்றால் வாக்குவம் பம்பையும் அதன் குழாயையும் பாருங்கள். ஸ்டீயரிங் எண்ணெயை ஒரு சொட்டுகூட பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

கேள்வி: பிரேக் மிதிக்காமலே, வேகத்தில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கம் முழுவதும் பயங்கரமாக உதறுகிறது. ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாற்றினேன், கொஞ்ச நாள் நின்றது.

பதில்: டேம்பர் நோயை மறைத்தது, அவ்வளவுதான். முன்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குழாய் ஆக்சில் உள்ள வண்டிகளுக்கே உரிய உதறல் இது. ஆக்சிலைச் சேஸிஸோடு குறுக்காகப் பிணைக்கும் டிராக் பாரின் புஷ்ஷும் போல்ட் துளையும் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். சக்கரங்கள் தரையில் இருக்க, என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகக் குறுகலாக ஆட்டட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். டிராக் பாரின் முனை தன் பிராக்கெட்டுக்குள் நகர்ந்தால் அதுதான். அதன்பின் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், டயர் பேலன்சிங். வண்டியை உயர்த்தியிருந்தால் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறைந்திருக்கும். அலைன்மென்ட் செய்யும்போது அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஓடும்போது உதறல் வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே குறைய விடுங்கள்.

கேள்வி: ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பளு வண்டியில் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு விழும். அந்தப் பணத்தை நல்ல பேடில் போடுங்கள். மாட்டிய பிறகு 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக மிதித்து வேகத்தைக் குறைப்பதை, அரை நிமிட இடைவெளி விட்டு இருபது முறை செய்யுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள். பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டி, மீண்டும் நடுக்கம் வரும்.