இரண்டு நிறமும் கலக்கவில்லை என்றால் சிப் பிழையா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏ.எல். முடித்த சில நண்பர்கள் சேர்ந்து, அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவில் இரட்டைப் பக்க டேப்பை வெட்டி ஒட்டி ஒரு மைக்ரோபுளூயிடிக் சிப் (மயிரளவு வாய்க்காலில் திரவத்தை ஓட்டும் தகடு) செய்திருக்கிறார்கள். வாய்க்கால் 0.4 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம், 4 செ.மீ. நீளம். இரண்டு சிறிஞ்சால் மஞ்சள் சாயமும் நீலச் சாயமும் விட்டால், இரண்டும் கடைசிவரை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றனவாம், கலப்பதேயில்லை. அதே சிப்பில் அல்ஜினேற்றையும் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) கல்சியம் குளோரைட்டையும் சந்திக்கவைத்து, மஞ்சளிலுள்ள குர்குமினை அடைத்த சிறு மணிகள் செய்து, மருந்தை மெதுவாக வெளியேவிடும் காவியாகக் கண்காட்சியில் வைக்க நினைக்கிறார்கள். "எங்கே பிழை?" என்பது கேள்வி.

சிப்பில் பிழையில்லை. பிழை வரப்போவது அடுத்த கட்டத்தில்.

முதலில் சாயத்தைப் பார்ப்போம். தண்ணீர் செக்கனுக்கு 1 செ.மீ. வேகத்தில் ஓடினால், உங்கள் வாய்க்காலில் ரெனோல்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 2க்கும் குறைவு. குழாயில் கொந்தளிப்பு தொடங்க அது ஏறத்தாழ 2000ஐத் தாண்ட வேண்டும். ஆகவே அருவிக்கோட்டுப் பாய்ச்சல்தான், அதாவது திரவம் குழம்பாமல் அடுக்கடுக்காக ஓடும். கலப்பதென்றால் மூலக்கூறுகள் தாமாக நகரும் பரவல் மட்டுமே வழி. சாய மூலக்கூறு 0.2 மி.மீ. பரவ ஏறத்தாழ 40 செக்கன் எடுக்கும். உங்கள் திரவமோ 4 செக்கனில் வெளியே வந்துவிடுகிறது. அகலத்தைப் பாதியாக்கினால் நேரம் காற்பங்காகும். அல்லது வேகத்தைக் குறைத்து, வாய்க்காலைப் பாம்புபோல் வளைத்து நீட்டுங்கள். 2002இல் ஸ்ட்ரூக்கும் கூட்டாளிகளும் வாய்க்காலின் அடியில் மீன்முள் வடிவப் பள்ளங்கள் வெட்டி, ஓட்டத்தையே மடித்து மடித்துக் கலக்கிக் காட்டினார்கள். மருந்தைச் சுமக்கும் கொழுப்பு நனோத்துகள்கள் செய்பவர்களுக்கு இந்த வேகமான கலப்பு முக்கியம், துகளின் அளவு பெரிதும் அதைப் பொறுத்தது.

உங்கள் மணிக்கு இந்தக் கலப்பு தேவையில்லை, ஆபத்தும்கூட. அல்ஜினேற்றும் கல்சியமும் தொட்ட இடத்திலேயே ஜெல்லாகும். சந்தியிலேயே வாய்க்கால் அடைபடும், சிறிஞ்சை அழுத்த அழுத்த டேப் பிளந்துவிடும். கல்சியம் அயனைச் சிப்புக்குள் விடவே வேண்டாம்.

செய்யவேண்டியது சொட்டு. ஒரு பக்கத்தால் சூரியகாந்தி எண்ணெய், மறுபக்கத்தால் அல்ஜினேற்று, ரி (T) வடிவச் சந்தியில் எண்ணெய் அல்ஜினேற்றை வெட்டி வெட்டி ஒரே அளவான சொட்டுகளாக்கும். எண்ணெயை முதலில் ஓடவிட்டுச் சுவரை நனையுங்கள். தண்ணீர் முந்திச் சுவரில் ஒட்டினால் சொட்டுக்குப் பதிலாக நாடாதான் வரும். சொட்டுகள் ஒன்றோடொன்று சேராமலிருக்க எண்ணெயில் கொஞ்சம் லெசிதின் போடலாம்.

இறுக்குவதற்கு, மிக நுண்ணிய கல்சியம் காபனேற்றுத் தூளை அல்ஜினேற்றிலேயே கலந்துவிடுங்கள். அது கரையாததால் சிப்புக்குள் சும்மா இருக்கும். வெளியே, சிறிதளவு தூய அசற்றிக் அமிலம் கலந்த எண்ணெயில் சொட்டுகள் விழும்போதுதான் கல்சியம் விடுபட்டு மணி உள்ளிருந்து இறுகும். வினாகிரி எண்ணெயோடு சேராது. தூய அமிலம் தோலைச் சுடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கரும்பலகைச் சோக்கை அரைத்துப் போட ஆசைப்படாதீர்கள். பல சோக்குகள் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), அது மெல்ல மெல்லக் கரைந்து சிறிஞ்சுக்குள்ளேயே கரைசலைக் கட்டியாக்கிவிடும். கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கதைதான், கல்சியம் கூடிய வன்னீரில் அல்ஜினேற்று கட்டிபடும். காய்ச்சி வடித்த நீரையே பாவியுங்கள்.

இன்னொரு பொறி குர்குமினில் இருக்கிறது. அது தண்ணீரில் கரைவதில்லை. மணிகளைத் தண்ணீரில் போட்டு, நிறம் வரவில்லையே, மருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று எழுதினால் நடுவர் ஒருவர் உடனே பிடித்துவிடுவார். இரைப்பையைப்போன்ற பிஎச் 1.2 அமிலத்தில் 2 மணித்தியாலம், பிறகு குடலைப்போன்ற பிஎச் 6.8 பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் போடுங்கள். பொஸ்பேற்று கல்சியத்தை இழுக்க மணி வீங்கி உடையும். நேரத்துக்கு நேரம் சில மணிகளை எடுத்து, சித்திரேற்றுக் கரைசலில் உடைத்து, எதனோலில் கரைத்து, மிஞ்சிய குர்குமினை 425 நனோமீற்றருக்கு அண்மையான ஒளியை அது உறிஞ்சுவதைக் கொண்டு அளவிடுங்கள். அதற்கான நிறமாலை ஒளிமானிக்குக் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இதை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது, உங்களுக்குள்ளேயும்தான். மனிதரில் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மருந்தென்று விற்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு வேண்டும். கண்காட்சிப் பலகையில் "மருந்து" என்று போடாமல் "மருந்துக் காவி மாதிரி" என்று போடுங்கள்.