டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு .44 மேக்னம் போதுமா, .500 வாங்க வேண்டுமா?

நண்பரின் பண்ணையில் பன்றித் தொல்லை, ரைஃபிளை விட்டுவிட்டு ரிவால்வரில் வேட்டையாட ஆசை, .44 மேக்னம், .454 கசுல், .500 ஸ்மித் அண்ட் வெஸன் என்ற மூன்று தோட்டா வகைகளில் எதற்கான துப்பாக்கியை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். .44 மேக்னம் வாங்குங்கள். ஏழரை அங்குலக் குழல், ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. மீதிப் பணத்தைத் தோட்டாவுக்கு ஒதுக்கிவிட்டு வாராவாரம் சுட்டுப் பழகுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் பன்றி வேட்டைக்கு நான் எடுத்துப் போனது இரவல் வாங்கிய .500. இரண்டு கிலோ கனம். துப்பாக்கி பெரிதாக இருந்தால் பன்றி நின்ற இடத்திலேயே விழும் என்று நம்பினேன். மாலை மங்கும் நேரம், மக்காச்சோளம் கொட்டும் தீவனப் பீப்பாய்க்குக் கீழே ஒரு பெட்டைப் பன்றி, நாற்பது கெஜ தூரம். விசை விடுபட்ட அந்த நொடியில், வரப்போகும் உதைக்குப் பயந்து என் கை குழலை அழுத்திவிட்டது. குண்டு வயிற்றில் பட்டது. மெஸ்கீட் முட்புதருக்குள் நள்ளிரவு வரை டார்ச் அடித்துத் தேடினோம். இலைகளில் ரத்தம் கொஞ்சம்தான், அதோடு செரிக்காத சோளமும் பச்சையாக ஒட்டியிருந்தது. கடைசிவரை அது கிடைக்கவில்லை. வயிற்றில் குண்டு வாங்கிய பன்றி சாக மணிக்கணக்கில் ஆகும். பல வருடம் ஆகியும் அந்த இரவு மனதை விட்டுப் போகவில்லை.

உதைக்குப் பயந்து உங்கள் கையும் குழலை அப்படி அழுத்துகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுடுதளத்தில் கூட இருப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சிலிண்டரில் சில அறைகளில் நல்ல தோட்டாவும் சிலவற்றில் சுட்டு முடித்த காலித் தோட்டாவும் கலந்து போடச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. காலித் தோட்டாவின் மேல் ஹேமர் விழும்போது குழல் நுனியை மட்டும் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி. நுனி குனிந்தால், அந்தத் துப்பாக்கி இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். என் கையில் .500 ஒவ்வொரு தடவையும் குனிந்தது. .44-இலும் முதலில் குனிந்தது, ஆனால் அதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். உதை மிகக் குறைவு. இரண்டு மாதம் அதில் பழகிவிட்டு மேக்னத்துக்கு வந்தேன். .454-க்கும் இதே வசதி உண்டு, அதில் .45 கோல்ட் போட்டுப் பழகலாம். அதனால் .44 கிடைக்காவிட்டால் .454 வாங்குங்கள், தவறில்லை.

.44 மேக்னம் 1955-இல் வந்தது. 240 கிரெய்ன் (சுமார் பதினைந்தரை கிராம்) எடையுள்ள குண்டை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தை ஒட்டித் தள்ளும். 2003-இல் வந்த .500-இன் ஆற்றல் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பன்றியின் உடம்பை ஒருமுறை அறுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு முக்கியமில்லை என்று தெரியும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான ஒரு தோல் பலகை இருக்கும், கத்தியே திணறும். அதைத் துளைத்து உள்ளே போகக் குண்டின் அமைப்புதான் உதவும். கெட்டியாக வார்த்த, தட்டை மூக்குள்ள ஈயக்குண்டு போடுங்கள். நுனியில் குழியிருந்து சீக்கிரம் விரிந்துவிடும் ஹாலோ பாயிண்ட் குண்டு வேண்டாம். இன்னொன்று, பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழேயும் முன்னாலும் இருக்கிறது. மானுக்குக் குறிவைப்பதுபோல் தோளுக்குப் பின்னால் வைத்தால் குண்டு பின்தள்ளிப் போகும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் கோட்டிலேயே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள்.

மாடல் என்று பார்த்தால் ரூகர் சூப்பர் ரெட்ஹாக் என் தேர்வு. துப்பாக்கியின் உடற்சட்டகத்திலேயே ஸ்கோப் வளையம் பொருத்த இடம் வெட்டியிருப்பதால் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) மாட்டுவது சுலபம். விடியலில் கறுப்புப் பன்றியின் மேல் கறுப்பு இரும்புக் குறிமுனையை வைத்தால் ஒன்றுமே தெரியாது. ரூகரின் சூப்பர் பிளாக்ஹாக்கும் நல்லதுதான், விலையும் குறைவு, ஆனால் என் நடுவிரல் கணுவில் அதன் விசைக்காப்பு ஒவ்வொரு வெடிக்கும் இடிக்கும். கடையில் கையில் பிடித்துப் பார்த்தால் இது தெரியாது. வாங்கும் முன் யாரிடமாவது வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எதுவானாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிப் பக்கம் விரல் போகக் கூடாது, சூடான வாயு அங்கே பக்கவாட்டில் சீறும். அப்புறம், வேட்டையிலும் காதுக்கவசம் கட்டாயம். ஒரே ஒரு வெடி போதும், காது கெட.

நீங்கள் எச்1பி விசாவில் இருப்பதாகச் சொன்னதால் இதைக் கவனமாகப் படியுங்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல், நில உரிமையாளர் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. உங்கள் நண்பருக்கு அது சரி. உங்களுக்கு அப்படி இல்லை. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. பன்றிக்குத் தேவைப்படாத உரிமம் உங்கள் துப்பாக்கிக்குத் தேவை. டெக்சாஸ் வருடாந்தர உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். அன்று புதுப்பிக்க மறந்தால், மறுநாள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும், விசாவும் கிரீன் கார்டு வாய்ப்பும் சேர்ந்து போகலாம். வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 25 கெஜத்தில் வைத்து, வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து ஐந்து தடவை சுடுங்கள். ஐந்தும் தட்டில் பட்டால் பத்து கெஜம் பின்னால் போங்கள். ஒன்று தவறினாலும் முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. எனக்கு அது இப்போது 55 கெஜம்.