மருத்துவத் துறை ஏஐ-களை மதிப்பிடும் போஸ்ட்டாக் (பிஎச்டி-க்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்குப் போனால் 'டெஸ்டிங் ஆள்' என்று முத்திரை விழுந்துவிடுமா?

விழும். என் மேல் விழுந்தது, அதுவும் என் கைட் வாயிலிருந்தே. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். பிஎச்டி-யில் மாடல் உருவாக்கியிருப்பீர்கள். இப்போது கையில் இரண்டு வாய்ப்பு: ஒன்றில் புது மாடல் உருவாக்கலாம், இன்னொன்றில் யாரோ உருவாக்கியதைப் பரிசோதிக்க வேண்டும், இரண்டாவதுக்குப் போனால் நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு உறுத்தல். எனக்கு அந்த உறுத்தல்கூட இல்லை, முதலாவது கிடைக்கவில்லை என்பதால் இரண்டாவதற்கு வந்தவன் நான். லட்சியத்தோடு வந்தேன் என்றெல்லாம் கதை விடமாட்டேன்.

எனக்குக் கொடுத்தது, வார்டில் இருப்பவர்களில் யாருடைய நிலைமை மோசமாகி ஐசியு-வுக்குப் போகவேண்டி வரும் என்று 12 மணி நேரம் முன்னாலேயே சொல்லும் மாடல். உருவாக்கிய குழுவில் என் கைடும் ஒருவர் (இதைச் சேருவதற்கு முன் நான் கேட்கவே இல்லை). "ஏயூசி 0.9-க்கு மேல் இருக்கிறது, ஒருமுறை சரிபார்த்துப் பேப்பர் எழுதிவிடு, ஆறு மாத வேலை" என்றார். ஐசியு-வுக்குப் போன ஒருவரையும் போகாத ஒருவரையும் எடுத்துக்கொண்டால், போனவருக்கு மாடல் அதிக மதிப்பெண் போட்டிருப்பதற்கான வாய்ப்புதான் ஏயூசி. 0.5 என்றால் பூவா தலையா. ஓட்டிப் பார்த்தேன், அவர் சொன்ன எண்ணே வந்தது. பேப்பரும் பாதி எழுதிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள், மாடல் எதை வைத்து முடிவு செய்கிறது என்று பார்க்கலாமே என்று உட்கார்ந்தால், பட்டியலில் முதலில் நின்றது நாடித்துடிப்பும் இல்லை, மூச்சு எண்ணிக்கையும் இல்லை, லாக்டேட் என்ற ரத்த டெஸ்ட். அதன் அளவுகூட இல்லை, அந்த டெஸ்ட் எழுதப்பட்டதா இல்லையா என்பது மட்டும். லாக்டேட் எழுதுகிற டாக்டர் சும்மா எழுதுவாரா? இந்த ஆள் சரியில்லை என்று அவருக்கு ஏற்கெனவே பட்டுவிட்டது. அவருடைய சந்தேகத்தைப் பின்னால் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, அதையே கணிப்பு என்று அவரிடம் திருப்பிக் கொடுக்கிறது மாடல். டெஸ்ட் எழுதிய நேரத்துக்கு முந்தைய டேட்டாவை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினேன். 0.7-ஐக்கூடத் தொடவில்லை. என் கோடில்தான் தப்பு என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்க அதையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'டாக்டரின் சந்தேகமும் ஒரு தகவல்தானே' என்று கீழே யாராவது வருவீர்கள், தெரியும். தகவல்தான். ஆனால் '12 மணி நேரம் முன்னாலேயே எச்சரிக்கும்' என்று சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தெரிந்த பிறகு அவரிடமே வந்து சொல்வதற்கு எதற்கு ஒரு மாடல்?

நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. மருத்துவமனைப் பதிவு மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே பழுதாகும் ஆபத்தான நிலை) மாடல் பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 38,000-க்கும் அதிகமான அட்மிஷன்களில் அதைச் சோதித்து 2021-ல் வெளியிட்டது. ஏயூசி 0.63. செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கைக் கோட்டைவிட்டிருந்தது, ஆனால் மொத்த அட்மிஷன்களில் 18 சதவீதத்துக்கு அலர்ட் அடித்திருந்தது. இந்த வேலையை 'டெஸ்டிங்' என்று சொல்கிறவர்கள் அந்தப் பேப்பரை ஒருமுறை படிக்கட்டும்.

எண்ணோடும் இது முடிவதில்லை. அலர்ட் வந்தபோது வார்டில் என்ன செய்தார்கள் என்ற பதிவு எங்களிடம் இருந்தது, அநேகமாக எல்லா அலர்ட்டுக்கும் எதிரே 'நோயாளியை நேரில் பார்த்தாயிற்று' என்று இருந்தது. குழுவில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், இதையாவது பேப்பரில் போடலாமே என்று. எனக்கு ஏனோ ஒட்டவில்லை, அனுமதி வாங்கிக்கொண்டு சில நைட் ஷிஃப்ட்டுகள் வார்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது ராத்திரி, மருந்து வண்டியின் மேல் இருந்த திரையில் அலர்ட் வந்தது. நர்ஸ் ட்ரிப் வேகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கண்ணை ட்ரிப்பிலிருந்து எடுக்காமலே, கையில் இருந்த பேனாவின் பின்பக்கத்தால் திரையை இரண்டு தட்டு தட்டினார், அலர்ட் போய்விட்டது. "எதைத் தட்டினீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன். "மேல எது இருக்கோ அது. ஏதாவது ஒண்ணைத் தட்டினாத்தான் தம்பி சார்ட்டே திறக்கும்" என்றார். அலர்ட்டோடு திரையில் வரும் பதில்களின் பட்டியலில் மேலே இருந்தது 'நோயாளியை நேரில் பார்த்தாயிற்று'.

சர்க்கரை நோயால் வரும் கண் பாதிப்பை விழித்திரைப் படத்தில் கண்டுபிடிக்கும் கூகுள் மாடலைத் தாய்லாந்து கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து 2020-ல் வந்த ஆய்வும் இந்த ஜாதிதான். வெளிச்சம் சரியில்லாத அறைகளில் எடுத்தது போன்ற காரணங்களால், படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரம் போதாது என்று சிஸ்டமே தள்ளிவிட்டது. நேரில் போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

நான் ஏஐ விரோதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் மாசாய் என்ற சோதனையில் 80,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்தார்கள். ஏஐ துணையிருந்த பக்கம் புற்றுநோய் கண்டுபிடிப்பது குறையவில்லை, படம் படிக்கும் வேலை மட்டும் 44 சதவீதம் குறைந்தது. 2023-ல் முதல் முடிவுகள் வந்தன. அப்படிச் செய்துகாட்டினால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

    

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாடலை உருவாக்கியது யார் என்று கேளுங்கள். முடிவு மோசமாக வந்தாலும் வெளியிடலாம் என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது. நேரம் பதிவான மூல டேட்டா கிடைக்குமா, வார்டுக்குள் போய் உட்கார விடுவார்களா என்பதையும் கேளுங்கள், சுத்தம் செய்த எக்செல் கோப்பு ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள் என்றால் அங்கே நிஜமாகவே டெஸ்டிங் ஆள்தான் நீங்கள். 2022-ல் வந்த டிசைட்-ஏஐ வழிகாட்டியை இப்போதே படித்துவிடுங்கள், நிஜ நோயாளிகளிடம் முதன்முதலாக ஏஐ-யை வைத்துப் பார்க்கிறபோது எதையெல்லாம் எழுதவேண்டும் என்று அதில் இருக்கிறது, மனிதர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பது உட்பட.

என் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். வந்தது, ஆறு மாதத்தில் இல்லை, 'மேலும் ஆய்வு தேவை' என்ற அளவுக்கு நீர்த்துப்போய். வார்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: பட்டியலின் வரிசையை மாற்றிவிட்டார்கள். இப்போது மேலே இருப்பது 'பிறகு பார்க்கிறேன்'. கடைசியாக நான் பார்த்தபோது அநேகமாக எல்லா அலர்ட்டுக்கும் எதிரே அதுதான் பதிவாகியிருந்தது.